எந்த ஆற்றிலும் பிறக்காத மீன்

நெற்றி புடைத்து, கண்கள் சிவந்து, விலாவில் கறுப்புப் புள்ளிகள் எழுத்துகளைப்போல வரிசை பிடித்து நிற்க, கண்ணாடித் தொட்டியின் நடுவே தன்னந்தனியாக உலவும் ஒரு மீனை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் அது உண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் சிலவற்றில் வரவேற்பறையிலேயே அது வீற்றிருப்பதும் உண்டு. கடைக்காரர் அதனை ‘ஃபிளவர் ஹார்ன்’ என்பார். உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அதன் தாயகம் எது என்று தேடிப் பாருங்கள். எந்த ஆறும், எந்த ஏரியும் அதற்குச் சொந்தம் கொண்டாடாது. மனிதன் தொட்டிகளில் இனம் கலந்து உண்டாக்கிய மீன் அது.

வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். நாமும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது, அந்த உருவம் எப்படி அமைந்தது, அந்தக் கோபம் யாருடையது என்பவற்றைத் தெரிந்துகொண்டு வாங்கினால், பிள்ளைகளுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது.

சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இம்மீன். பெயர் புதிதாக இருக்கலாம். உறவினர் புதியவர் அல்லர். குளத்திலும் ஏரியிலும் பிடித்து விற்கப்படும் ஜிலேபி மீன் ஒரு சிக்லிட்தான். 1952இல் அது ஆப்பிரிக்க வழிவந்த மீனாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தார் வாழையிலையில் பொதிந்து சுட்டு விருந்து வைக்கும் கரிமீனோ இந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரிய சிக்லிட். இக்குடும்பத்தில் அறிஞர்கள் பெயரிட்டுள்ள இனங்கள் மட்டும் 1,700க்கு மேற்படும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா, மலாவி, தங்கனீக்கா என்ற மூன்று பெரும் ஏரிகளிலும், நடு அமெரிக்க, தென் அமெரிக்க நீர்நிலைகளிலும் இவை செறிந்து வாழ்கின்றன.

இவற்றுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வாயில் உள்ள தாடையைத் தவிர, தொண்டைக்குள் மற்றொரு தாடை அமைந்திருக்கிறது. இரையை அரைக்கும் பணியைத் தொண்டைத் தாடை ஏற்றுக்கொள்வதால், முன்வாய்த் தாடை இரையைப் பிடிப்பதற்கென்றே விதவிதமாக மாறிக்கொள்ள முடிகிறது. பாறையில் பாசி சுரண்டுவது ஒன்று, நத்தை ஓட்டை நொறுக்குவது ஒன்று, பிற மீன்களின் செதிலையே கடித்துத் தின்பது ஒன்று எனப் பிழைப்புக்கேற்ற வாய்கள். இந்த நெகிழ்ச்சிதான் கலப்பினம் உண்டாக்குவோருக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது. நெருங்கிய இனங்கள் ஒரே தொட்டியில் அடைபட்டால் சிக்லிட்கள் எளிதில் இணை சேர்ந்துவிடும். பல சேர்க்கைகளில் குஞ்சுகளும் வளம் குன்றாமல் பிறக்கும்.

ஃபிளவர் ஹார்ன் உருவானது மலேசியாவில், 1990களில். அதன் மூதாதையர் அனைவரும் நடு அமெரிக்கப் பகுதியினர். ‘டிரைமேக்’ எனப்படும் இனம் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்தது. சிவந்த கண்ணும் விலாவில் வரிசையான கரும்புள்ளிகளும் அதன் அடையாளம். மைடாஸ் என்ற இனமும் அதன் நெருங்கிய உறவான ‘ரெட் டெவில்’ இனமும் நிகராகுவா நாட்டு ஏரிகளில் வாழ்வன. பொன்னிறமும் நெற்றிப் புடைப்பும் அவற்றின் சொத்து. செந்தலைச் சிக்லிட் என்று சொல்லத்தக்க இனம் ஒன்றும், தைவானிலிருந்து வந்த மற்றொரு கலப்பினமும் இவற்றோடு சேர்ந்தன. சேர்க்கையின் கணக்கை வளர்ப்போர் சமையற்காரர் மசாலாப் பக்குவத்தை மறைப்பதுபோல மறைத்துக்கொண்டார்கள். ஆகவே எந்தத் தொட்டியில் எது எதனோடு கலந்தது என்பதற்கு முழுமையான ஏடு இல்லை.

சீனர்கள் அதற்கு ‘லோஹான்’ என்று பெயரிட்டனர். பௌத்தத் துறவியரைக் குறிக்கும் சொல் அது. புடைத்த நெற்றி நீண்ட ஆயுளுக்கும் செல்வத்துக்கும் அறிகுறி எனக் கருதியவர்கள், விலாவின் கரும்புள்ளிகளில் சீன எழுத்துகளையும் லாட்டரி எண்களையும் தேடினார்கள். 2000களின் தொடக்கத்தில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா எங்கும் லோஹான் மோகம் தலைவிரித்தாடியது. அழகுப் போட்டிகள் நடந்தன; பெருந்தொகைக்கு மீன்கள் கைமாறின. மீனின் விலாவில் அதிர்ஷ்டம் படிக்கும் பழக்கம் நமக்கு ஆகாது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் இம்மீனின் உடம்பைச் செதுக்கிய உளி என்பதைக் கவனியுங்கள். நெற்றி பெரிதாக வேண்டும் என்று வாங்குவோர் விரும்பினர். நெற்றி பெரிதான மீனையே வளர்ப்போர் இணை சேர்த்தனர். சில தலைமுறைகளில் நெற்றி இளநீர்க் காய்போல் உருண்டுவிட்டது.

அந்தப் புடைப்பில் மூளை இல்லை, எலும்பும் இல்லை. நீரும் கொழுப்பும் கோத்த திசுவே அது. நிகராகுவா ஏரிகளில் வாழும் மைடாஸ் ஆணுக்கு இனப்பெருக்க காலத்தில் மட்டும் நெற்றி புடைத்து, பிறகு வற்றிவிடும். தொட்டி வாழ்விலோ அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. மணநாளில் மட்டும் சூடும் தலைப்பாகையை ஆயுள் முழுதும் சுமக்க வைத்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

இனி நிறத்தைப் பார்ப்போம். இங்கேதான் இறைவனின் வண்ணக் கலை மலைக்க வைக்கிறது. மீனின் தோலில் நான்கு வகை நிற உயிரணுக்கள் முக்கியமானவை. கறுப்பு மையை ஏந்துவது ஒன்று. மஞ்சளை ஏந்துவது ஒன்று. சிவப்பை ஏந்துவது ஒன்று. நான்காவது வகையில் மை எதுவும் இல்லை. கண்ணாடிச் சில்லுகள்போல் நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒளி அவற்றில் பட்டுச் சிதறும்போது நீலமும் பச்சையும் வெள்ளியும் தோன்றும். ஃபிளவர் ஹார்ன் உடலில் முத்துத் தூவியதுபோல மின்னுவது இந்த நான்காம் வகையின் வேலை. சீன மொழியில் முத்து என்னும் பொருளுடைய ‘ஜென் ஜூ’ என்ற வகை, இந்த மினுமினுப்புக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்டது.

சிவப்பின் கதை வேறு. அந்தச் சாயத்தை மீனின் உடல் தானாக ஆக்கிக்கொள்ளாது. இறால், நண்டு, பாசி போன்ற இரையிலிருந்தே அதனைப் பெறவேண்டும். மரபு எத்துணை உயர்ந்ததாயினும், இரையில் அச்சத்து இல்லையேல் செம்மீன் வெளிறிப்போகும். கடையில் தீக்கங்கு போலிருந்த மீன் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் சாம்பல் பூத்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. காரணம் பெரும்பாலும் இரைதான். ஆனால் வணிகர் சிலர் குஞ்சுகளுக்கு ஹார்மோன் கலந்த இரையூட்டி, வயது வருமுன்னே நிறம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. அந்த ஊட்டம் நின்றதும் நிறமும் இறங்கிவிடும்.

பொன்னிறம் இவை இரண்டையும்விட வியப்பானது. மைடாஸ் இனத்தில் குஞ்சுகள் எல்லாமே கருஞ்சாம்பல் நிறத்தில்தான் பிறக்கின்றன. பெரும்பாலானவை அப்படியே வாழ்ந்து மடிகின்றன. சிறுபான்மையான சில மீன்களில் மட்டும், வளரும் பருவத்தில் கறுப்பு உயிரணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்து மறைகின்றன. அடியில் ஒளிந்திருந்த பொன்னும் செம்மையும் வெளிப்படுகின்றன. புதிதாக ஒரு சாயம் பூசப்படுவதில்லை. மேல்திரை விலகுகிறது, அவ்வளவே. இதற்குப் பொறுப்பான மரபணுவை ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டு 2022இல் வெளியிட்டனர். தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் அரசனின் கதையை நினைத்து, ‘பொன் தொடுகை’ என்னும் பொருளில் அந்த மரபணுவுக்குப் பெயர் சூட்டினர். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது தன் வேலையைக் காட்டிவிடும். ஃபிளவர் ஹார்னிலும் சில வகைகள் இளமையில் கறுத்து, பிறகு நிறம் உதிர்ந்து பொன்னாகின்றன. வளர்ப்போர் இதனை ‘உரிதல்’ என்றே சொல்வர். முழுவதும் உரியாமல் பாதியில் நின்று, திட்டுத் திட்டாகக் கறுப்புத் தங்கிய மீன்களும் உண்டு. வாங்கியவர் நோய் என்று அஞ்சி மருந்து ஊற்றிவிடுவார்!

இதே கான்ஸ்டான்ஸ் ஆய்வுக்கூடம் 2018இல் பட்டை மீன்களின் மர்மத்தையும் அவிழ்த்தது. விக்டோரியா ஏரியில் உடல் நெடுகக் கோடு உள்ள இனத்தையும் கோடில்லாத இனத்தையும் வேண்டுமென்றே கலந்தார்கள். முதல் தலைமுறையில் கோடு மறைந்தது. பேரப்பிள்ளைகளில் மீண்டும் தலைகாட்டியது. இதனைத் தொடர்ந்து சென்று, ஒரே ஒரு மரபணு கோட்டைத் தடுத்து வைத்திருப்பதைக் கண்டனர். பாட்டனாரின் மூக்கு பேரனுக்கு வருவதை நம் வீடுகளில் பார்த்து மகிழ்கிறோமே, அதேதான்.

கலப்பினங்களில் இந்தப் பேரப்பிள்ளைத் தலைமுறைதான் உண்மையில் கவனிக்கத்தக்கது. மலாவி ஏரியில் பாறையைச் சுரண்டும் குட்டைத் தாடை மீனையும், மெல்லிய தாடையுள்ள மற்றொரு மீனையும் அமெரிக்க ஆய்வாளர்கள் கலந்தபோது, முதல் தலைமுறைக் குஞ்சுகள் இடைநிலைத் தாடையோடு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தபோது பிறந்தவையோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சீட்டுக்கட்டை ஒருமுறை கலைத்தால் தெரியாத சேர்க்கைகள், மறுமுறை கலைக்கும்போது தெரிகின்றன. ஃபிளவர் ஹார்ன் வளர்ப்போர் ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வைத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றை மட்டும் தேர்வதன் காரணம் இதுவே. தேறாதவற்றின் கதி என்ன என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

உடல் உருவம் பற்றிப் பேசினால், பேரட் மீனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிளி மூக்குடன், ஆரஞ்சுப் பழம்போல உருண்டையாக, பார்க்கச் சிரிப்பூட்டும் அந்த மீனைப் பிள்ளைகள் பெரிதும் விரும்புவர். தைவானில் 1986ஆம் ஆண்டு வாக்கில் தோன்றியது. மைடாஸும் செந்தலைச் சிக்லிட்டும் பெற்றோர் என்று கருதப்படுகிறது. கிளிமூக்கு என்று நாம் ரசிப்பது உண்மையில் ஊனம். அதன் வாய் செங்குத்தான சிறு பிளவாக அமைந்து, பல மீன்களில் முழுவதும் மூடுவதில்லை. கவ்வ இயலாத வாயால் இரையை உறிஞ்சி, தொண்டைத் தாடையால் நசுக்கி விழுங்குகிறது. முதுகெலும்பு குறுகியதால்தான் அந்த உருண்டை வடிவம். மிதவைப்பையும் சீராக அமையாததால் தட்டுத்தடுமாறி நீந்துகிறது. ஆண்கள் பெரும்பாலும் மலடு. பெண்கள் முட்டையிட்டு, இணையோடு சேர்ந்து காவல் காக்கும். கருவுறாத அம்முட்டைகளில் பூஞ்சை படர்ந்து வெண்மையாகிவிட்ட பிறகும் விட்டு அகலாது. இதனைத் தொட்டியில் பார்த்துவிட்ட பிறகு அந்த மீனை வேடிக்கைப் பொருளாக நினைக்க மனம் இடம் தராது.

வணிகம் அதோடும் நிற்கவில்லை. சாயம் ஏற்றி நீலமும் ஊதாவுமாக்கி விற்கிறார்கள். வால் துடுப்பைக் குஞ்சிலேயே வெட்டி, இதய வடிவம் என்று விலை கூட்டுகிறார்கள். உடம்பில் எழுத்துப் பொறித்தும் விற்கிறார்கள். பிராணியின் முகத்தில் சூடிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள் என்பதை அறிந்த நம் வீடுகளில், எழுத்துப் பொறித்த மீன் ஒன்று வரவேற்பறையை அலங்கரிப்பது எவ்வாறு பொருந்தும்? நீல நிறப் பேரட், ஊதா நிறப் பேரட் என்று இயற்கையில் எதுவும் இல்லை. அந்தச் சாயம் சில மாதங்களில் கரைந்தும் போகும்.

குணத்துக்கு வருவோம். சிக்லிட்களில் தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும் இனங்கள் பல. குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் இனங்களும் உண்டு. குடும்பப் பாசம் மிக்க மீன்கள்; ஆனால் எல்லை விஷயத்தில் இரக்கமற்றவை. இவற்றுள் ஒன்றுக்குக் குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பார்லோ, மைடாஸ் மீன்களின் சண்டையை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். ஒரே அளவுள்ள சாம்பல் மீனும் பொன்மீனும் மோதினால் பொன்மீனே அடக்கி ஆள்வதை அவரும் அவர் மாணவர்களும் கண்டனர். நிறமும் குணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? அத்தகைய பொன்மீனை மூதாதையாகக் கொண்ட ஃபிளவர் ஹார்ன், கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலும் மோதும். தொட்டியைக் கழுவ விட்ட கையையும் கடிக்கும். அந்தக் கழுவும் வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பதை இல்லத்தரசிகள் அறிவர்! அதே மீன் உரிமையாளரை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரமாக வந்து விரலைத் தொடர்ந்து நீந்துவதும் உண்மை. நாய்க்குட்டி போலப் பழகுகிறது என்று வளர்ப்போர் சொல்வது மிகையன்று. ஆனால் அந்தப் பழக்கம் மனிதரோடுதான்; வேறு மீனோடு அல்ல.

குணமும் கலக்குமா என்ற வினாவுக்கு மிக அழகான விடை மலாவி ஏரியிலிருந்து கிடைத்தது. அங்கே ஆண் மீன்கள் பெண்ணை ஈர்ப்பதற்காக மணலில் கட்டுமானம் செய்கின்றன. ஓர் இனம் மணலை வாயால் அள்ளிப் பள்ளம் தோண்டும். மற்றோர் இனம் மணலைக் குவித்துக் கோட்டை கட்டும். இவ்விரண்டையும் கலந்து பிறந்த ஆண் மீன் என்ன செய்யும்? இரண்டுக்கும் நடுவே மணலை மட்டமாக்கிவிட்டு நிற்கும் என்றுதான் நாம் நினைப்போம். 2018இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. கலப்பு மீன் முதலில் ஓர் இனத்தைப்போலப் பள்ளம் தோண்டியது. சில நாள் கழித்து மற்ற இனத்தைப்போலக் கோட்டை எழுப்பியது. இரு குலத்தின் வழக்கங்களும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல், முறைவைத்து வெளிப்பட்டன. இதனைப் படித்தபோது, உம்மா வீட்டு வழக்கத்தையும் வாப்பா வீட்டு வழக்கத்தையும் அடுத்தடுத்து நிறைவேற்றும் நம் கல்யாண வீடுகள் நினைவுக்கு வந்தன.

கலப்பு என்றாலே இயற்கைக்குப் பகை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போய் மீண்டும் நிரம்பியது. அதன்பின் அங்கே ஏறத்தாழ 500 வகை சிக்லிட்கள் தோன்றியுள்ளன. சுவிட்சர்லாந்தின் ஓலே சீஹவுசனும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றின் முன்னோர், சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் காங்கோ பக்கத்து மீன்களும் நைல் பக்கத்து மீன்களும் கலந்ததால் உண்டானவர். ஆழத்துச் செவ்வொளியில் நன்கு பார்க்கும் கண்ணின் மரபணு ஒரு வழியிலிருந்தும், மேல்நீரின் ஒளிக்கேற்ற கண்ணின் மரபணு மறுவழியிலிருந்தும் வந்தன. ஆழத்தில் வாழ்வனவற்றில் சிவந்த ஆணைப் பெண்கள் விரும்பின. மேலே வாழ்வனவற்றில் நீல ஆணை விரும்பின. இவ்வாறு கண்ணும் நிறமும் விருப்பமும் சேர்ந்து, ஒரே ஏரியில் தனித்தனிக் குலங்கள் பிரிந்தன.

அந்தப் பிரிவினை எத்துணை மெல்லியது என்பதையும் இதே சீஹவுசன் 1997லேயே எழுதியிருந்தார். கரையோரக் கழிவும் மண்ணும் கலந்து ஏரிநீர் கலங்கிய இடங்களில், பெண் மீனுக்குச் சிவப்பும் நீலமும் வேறுபடவில்லை. யார் எவர் என்று தெரியாமல் இணை சேர்ந்தன. குலங்கள் ஒன்றாகி, நிறமும் மங்கி, வகைகள் குறைந்தன. நைல் பெர்ச் என்ற பெருமீனை மனிதர் அந்த ஏரியில் விட்டதால் அழிந்த சிக்லிட் இனங்களோ நூற்றுக்கணக்கானவை.

மனிதர் கொண்டுபோய் விடும் மீன் என்ன செய்யும் என்பதற்கு ஃபிளவர் ஹார்னே இன்று சாட்சியாகிவிட்டது. லோஹான் மோகம் தணிந்து விலை சரிந்ததும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் தம் மீன்களை ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் கொட்டினர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் மாத்தானோ என்ற ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 590 மீட்டர் ஆழம். உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்களும் இறால்களும் நத்தைகளும் அங்கே வாழ்கின்றன. 2012இல் அறிஞர்கள் அங்கே ஃபிளவர் ஹார்ன் பெருகியிருப்பதைப் பதிவு செய்தனர். தொட்டியில் தனித்து வாழ்ந்த மீன், ஏரியில் கரையெங்கும் குடும்பம் கட்டி, குஞ்சுகளைக் காத்து, அந்த ஊர் மீன்களைத் தின்று பெருகுகிறது. எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லாத மீன் ஓர் ஏரியைத் தனதாக்கிக்கொண்டது.

ஆகவே, வாங்க நினைக்கும் வாசகர்கள் கடைக்குப் போகுமுன் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு ஒரே ஆண்டில் பெரிதாகிவிடும். முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். குறைந்தது 200 லிட்டர் தொட்டி வேண்டும். அதற்கும் மேலாக இருந்தால் நன்று. அதனோடு வேறு மீனை விடக்கூடாது. பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. இன்று அடம்பிடிக்கும் பிள்ளை அன்று கல்லூரியில் இருப்பான். கடையில் நிற்கும்போது நெற்றியைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். மூடித் திறக்கிறதா, இரையைக் கவ்வுகிறதா, நேராக நீந்துகிறதா என்று கவனியுங்கள். நீலமும் ஊதாவுமாக இருந்தால் கையை மடக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வளர்க்க முடியாமல் போகும் நாள் வந்தால், வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். விலை கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் பெற்றுக்கொள்வர். பெரிய தொட்டியுள்ள நண்பருக்கும் தரலாம். பள்ளிவாசல் ஹவுளிலோ, ஊர்க் குளத்திலோ, கிணற்றிலோ விட்டுவிட வேண்டாம்.